கிழமைக்கொரு எண்: மின்னிரசாயன ஒளிர்வும் தீவகத்துப் பெண்களும்

உயர்தர வகுப்பில் மின்னிரசாயனப் பாடம் நடக்கும்போது, "மிஸ், இதெல்லாம் எங்கே பயன்படும்?" என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். என் காலத்தில் அந்தக் குரல் என்னுடையது. பற்றரிக்கும் துருப்பிடித்தலுக்கும் என்று பதில் கிடைத்தது. அது சரியான பதில்தான். ஆனால் இன்று மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக யாழ்ப்பாணத்தில் நான் நாள்தோறும் பழகும் இயந்திரம் ஒன்று, அதே பாடத்தை வைத்துக்கொண்டு குருதியிலுள்ள புற்றுநோய்க் குறிகாட்டிகளை அளக்கிறது. சஞ்சிகைக் குழுத் தங்கைமார் கட்டுரை கேட்டபோது அதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. அந்த இயந்திரம் நிற்கும் இடத்துக்கும் அதை நம்பியிருக்கும் பெண்கள் சிலர் வாழும் இடத்துக்கும் நடுவே கடல் கிடக்கிறது. ஆகவே கடலைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒளி. இரும்பைக் காய்ச்சினால் சிவந்து ஒளிரும். அது வெப்பத்தால் வரும் ஒளி. மின்மினியின் ஒளி அப்படிப்பட்டதல்ல, தொட்டால் சுடாது. அங்கே ஓர் இரசாயனத் தாக்கம் தன் சக்தியை வெப்பமாகச் சிந்தாமல் ஒளியாகவே வெளிவிடுகிறது. நிலவில்லாத சில இரவுகளில் கடலில் துடுப்புப் பட்ட இடம் நீலமாய் மின்னுவதும் இந்த வகைதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நீர் கலங்கும்போது விடும் ஒளி அது. இவை எல்லாம் அழகுதான், ஆனால் அளவீட்டுக்கு உதவா. நாம் நினைத்த நொடியில் மூட்டவோ அணைக்கவோ முடியாது. அந்தத் தாக்கத்தைத் தொடக்கிவைக்கும் சாவியை ஒரு மின்வாயின் கையில் கொடுத்துவிட்டால் எப்படியிருக்கும்? அழுத்தம் கொடுத்தால் ஒளி, நிறுத்தினால் இருள். அதுவும் மின்வாயின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும். இதையே மின்னிரசாயன ஒளிர்வு என்கிறோம்.

1960களின் நடுப்பகுதியில் இதை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து சென்ற கே. எஸ். வி. சந்தானம். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அலன் பார்ட்டுடன் சேர்ந்து அவர் 1965இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இத்துறையின் தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்று. இந்தப் பெயரை நம் பாடநூல்களில் நான் கண்டதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவர்கள் எடுத்துக்கொண்டது சேதனக் கரைப்பானில் கரையும் ஒரு சேர்வை. குருதியோ பெரும்பாலும் நீர். 1972இல் பார்ட்டின் ஆய்வுகூடத்திலிருந்தே உருத்தேனியம் என்ற மூலகத்தின் சிக்கலயன் ஒன்று இதே முறையில் ஒளிரும் என்ற செய்தி வந்தது. அந்த அயன் நீர்க்கரைசலிலும் ஒளிரும் என்பது 1980களில் தெளிவானபோது மருத்துவத்துக்கு வாசல் திறந்தது. 1990களின் நடுப்பகுதியில் அது வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நிற்கும் இயந்திரமாகிவிட்டது.

இனிப் பாடம். இது இப்படியே பரீட்சைக்கு வராது. ஆனால் பரீட்சைக்கு வரும் ஒட்சியேற்றம், தாழ்த்தல், இலத்திரன் சக்திப்படி எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

நடுவில் +2 ஏற்றமுள்ள ஓர் உருத்தேனியம் அயன். பைபிரிடீன் என்ற மூன்று இணையிகள் அதைச் சுற்றி ஆறு நைதரசன் அணுக்களால் இறுகப் பிடித்திருக்கின்றன. அதே கரைசலில் திரைபுரோப்பைலமைன் என்ற அமைனும் கலந்திருக்கிறது. மின்வாய்க்கு 1.2 வோல்ற்றுக்குச் சற்று மேலான அழுத்தம் கொடுக்கிறோம். டோர்ச் லைற்றுக்குப் போடும் ஒற்றைப் பற்றரி 1.5 வோல்ற்று என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் தேவை. இரண்டுமே ஒட்சியேற்றமடைகின்றன. உருத்தேனியம் ஓர் இலத்திரனை இழந்து +3 ஆகிறது. அமைன் ஓர் இலத்திரனை இழந்து, பின்னர் ஒரு புரோத்தனையும் இழந்து, ஒரு மூலிகமாக மாறுகிறது. இந்த மூலிகம் இலத்திரனைக் கொடுத்துவிடத் துடிக்கும் இயல்புடையது, அதாவது மிக வலிய தாழ்த்தும் கருவி. பக்கத்தில் இலத்திரனுக்கு ஏங்கி நிற்பதோ +3 உருத்தேனியம். கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் வெளிவரும் சக்தி மிகப் பெரிதாகையால், வந்த இலத்திரன் கீழ்ப்படிக்கு நேரே போகாமல் மேற்படியில் ஏறி நிற்கிறது. உருத்தேனியம் மறுபடி +2 ஆகிவிட்டாலும் அது அருட்டப்பட்ட நிலையிலுள்ள +2. அங்கே அதிக நேரம் நிற்க முடியாது. கீழே இறங்கும்போது ஏறத்தாழ 620 நனோமீற்றர் அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளியை விடுகிறது. இறங்கியபின் அது பழைய +2 அயனேதான். மறுபடி ஒட்சியேற்றலாம், மறுபடி ஒளிரும். எண்ணெய் விளக்கோடு ஒப்பிட்டால் அமைன் எண்ணெய், உருத்தேனியம் எரிந்து தீராத திரி. ஒரே ஒரு திரி பலமுறை ஒளிர்வதால் மிகச் சில திரிகள் இருந்தாலும் கண்டுகொள்ளலாம். வெளியிலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டிய தேவை இல்லாததால் பின்னணி முழு இருட்டு. இருட்டறையில் ஒரு தீக்குச்சி போதும் அல்லவா?

இந்தத் திரியைக் குறிகாட்டியுடன் எப்படிக் கட்டுவது? அந்த வேலையைப் பிறபொருளெதிரிகள் செய்கின்றன. ஒரு புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு அதன் இரு வேறு பக்கங்களில் ஒட்டக்கூடிய இரண்டு பிறபொருளெதிரிகளை எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றின் முதுகில் உருத்தேனியச் சிக்கல். மற்றதன் முதுகில் பயோட்டின் என்ற விற்றமின். நோயாளியின் குருதிப்பாயத்தில் தேடும் புரதம் இருந்தால் இரண்டும் அதன் இரு பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு மிக நுண்ணிய காந்த மணிகளைக் கலக்கிறோம். மணியின் மேற்பூச்சு ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதம். அது பயோட்டினைக் கண்டால் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். கலவை மின்வாயின் மேல் வந்ததும் கீழிருந்து ஒரு காந்தம் மணிகளை இழுத்து நிறுத்துகிறது. அமைன் கரைசல் பாய்ந்து ஒட்டாதவற்றைக் கழுவிச் செல்கிறது. இப்போது மின்வாயில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு திரியும் ஒரு புரத மூலக்கூறுக்குச் சாட்சி. காந்தம் விலக, அழுத்தம் கொடுக்கப்படுகிறது, ஒளிப்பெருக்கிக் குழாய் ஒளியை எண்ணுகிறது. பெரும்பாலான பரிசோதனைகளுக்கு 18 நிமிடம்.

எவ்வளவு நுண்மை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்களின் முன்னிற்கும் சுரப்பியோடு தொடர்புடைய பி.எஸ்.ஏ. என்ற புரதத்துக்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட எல்லை மில்லிலீற்றருக்கு 4 நனோகிராம். அதே ஒரு மில்லிலீற்றர் குருதிப்பாயத்தில் அல்புமின் மட்டும் ஏறத்தாழ 40 மில்லிகிராம் இருக்கும். வகுத்துப் பாருங்கள், ஒரு கோடிக்கு ஒன்று. உப்பளத்தில் ஒரு குறிப்பிட்ட கல்லைத் தேடுவதுபோலத்தான். ஆனால் அந்த 4 நனோகிராமிலும் ஏறத்தாழ 8,000 கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன என்று அவகாதரோ மாறிலி சொல்கிறது. தேடும் கை சரியாக இருந்தால் தேடப்படும் பொருளுக்குப் பஞ்சமில்லை.

ஆய்வுகூடத்தில் இந்த ஒளியின் பெறுமதியை எனக்கு முழுமையாகக் காட்டியது எச்.சி.ஜி. என்ற ஓமோன். கருப்பம் தரித்தால் சுரப்பது அது. மருந்துக் கடையில் வாங்கும் கருப்பப் பரிசோதனைக் கீற்றுக் காட்டுவதும் அதைத்தான். அபூர்வமாகச் சில பெண்களின் கருவறையில் குழந்தை உருவாகாமல், திராட்சைக் குலைபோல நீர்க்கொப்புளங்கள் வளரும். முத்துப்பிள்ளைக் கருப்பம் என்பார்கள். அதை அகற்றிவிட்டால் பெரும்பாலோருக்குக் கதை முடிந்தது. சிலருக்கு மட்டும் எஞ்சிய கலங்கள் மறுபடி வளர்ந்து புற்றுநோயின் குணத்தைக் காட்டத் தொடங்கும். யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எச்.சி.ஜி. சொல்லும். கிழமைக்கொரு தடவை குருதி எடுத்து, எண் இறங்கிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று கிழமைக்கு மேல் நான்கு எண்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றால், அல்லது தொடர்ந்து ஏறினால், மருந்து தொடங்க வேண்டும். உரிய காலத்தில் தொடங்கினால் ஆபத்துக் குறைந்த வகையினர் ஏறத்தாழ எல்லோரும் குணமடைகிறார்கள். புற்றுநோய் உலகில் இப்படி நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய இடங்கள் அதிகமில்லை.

எங்களிடம் குருதி கொடுக்க வந்தவர்களில் தீவகத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கல்யாணமாகி ஒரு வருடம். அவள் தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ். காலையில் வெளிக்கிட்டால் வீடு திரும்பும்போது பின்னேரம். பஸ்ஸில் வந்த களை முகத்தில் இருக்க, கையை நீட்டிக்கொண்டே, "அக்கா, போன கிழமையை விடக் குறைஞ்சிருக்குமோ?" என்று கேட்பாள். தொடக்கத்தில் இலட்சத்தைத் தாண்டியிருந்த எண் முதற் கிழமை 9,200 ஆனது. பிறகு 1,140, பிறகு 310, பிறகு 285. அடுத்த கிழமை அவள் வரவில்லை. சோளகம் பலமாக அடித்த நாள்கள் அவை. வள்ளம் ஓடவில்லை. அதற்கடுத்த கிழமை 292. அதன் பின் 301.

பதிவேட்டில் 285க்கும் 292க்கும் நடுவே ஒரு வெற்றிடம். நான்கு எண்கள் தேவைப்படும் கணக்கில் ஓர் எண் இல்லாததால் முடிவு ஒரு கிழமை தள்ளிப்போனது. ஒரு கிழமையால் பெரிய மாற்றமில்லை என்று வைத்தியர் ஆறுதல் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு கிழமையில் அவளும் அவளுடைய மாமியும் எத்தனை இரவு நித்திரை கொண்டிருப்பார்கள்? மெதொட்ரெக்சேற் ஊசி தொடங்கிய பின் எண் மறுபடி இறங்கியது. 5க்குக் கீழே போன அன்று அந்தக் கடதாசியை நானே அவள் கையில் கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று ஓடினாள்.

ஒளி பொய் சொல்லுமா என்று நீங்கள் கேட்க வேண்டும். சொல்லும். அதையும் படிக்காமல் இந்தப் பாடம் நிறைவாகாது. சிலருடைய குருதியில் இயல்பாகவே இருக்கும் வேறு பிறபொருளெதிரிகள், பரிசோதனையில் நாம் சேர்க்கும் இரண்டு பிறபொருளெதிரிகளுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். தேடும் புரதம் இல்லாமலே மின்வாய் ஒளிரும். இப்படி வந்த பொய் எச்.சி.ஜி. எண்ணை நம்பி, அமெரிக்காவில் சில பெண்களுக்கு இல்லாத நோய்க்குக் கடுமையான மருந்து கொடுக்கப்பட்டது, சிலர் கருப்பையையே இழந்தார்கள். அதைப் பிடிக்கும் வழி எளிது. அந்தப் பாலம்போடும் புரதங்கள் பெரியவை, சிறுநீருக்குள் இறங்கா. குருதியில் உயர்ந்த எச்.சி.ஜி. சிறுநீரில் அறவே இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு வரியை மருத்துவம் படிக்கப் போகும் தங்கைமார் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொய் நம் வயதுப் பெண்களுக்கு மிக நெருக்கமானது. முடி உதிர்கிறது, நகம் உடைகிறது என்று விழுங்கும் குளிசைகள் பலவற்றில் பயோட்டின் இருக்கிறது, சிலவற்றில் அன்றாடத் தேவையைப்போல நூறு மடங்குக்கும் மேலாக. மேலே சொன்ன காந்த மணியை நினைத்துப் பாருங்கள். குருதியில் மிதக்கும் பயோட்டின் முந்திக்கொண்டு மணியின் இடங்களையெல்லாம் பிடித்துவிட்டால், குறிகாட்டியைச் சுமந்து வரும் பிறபொருளெதிரிக்கு உட்கார இடமில்லை. கழுவும்போது அது அடித்துச் செல்லப்படும். ஒளி குறையும். உண்மையில் உயர்ந்திருக்கும் எண் தாழ்வாகத் தெரியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் இதுபற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. அதன்பின் பல பரிசோதனைகளைப் பயோட்டின் இலேசில் குழப்பாதபடி மாற்றியமைத்திருக்கிறார்கள். ஆனாலும் குருதி கொடுக்கும்போது என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டால், "அது சும்மா விற்றமின்தானே" என்று மறைக்க வேண்டாம்.

இந்தப் பொய்களை விடப் பெரிய சிக்கல் உண்மையான எண்ணிலேயே இருக்கிறது. சூலகப் புற்றுநோயோடு தொடர்புடைய சி.ஏ. 125 என்ற குறிகாட்டிக்கு வழமையான எல்லை 35 அலகு. மாதவிடாய் நாள்களிலும் அது உயரும். கருப்பத்திலும், கருப்பை உட்படலம் வெளியே வளரும் நோயிலும், காசநோயிலும் உயரும். சி.ஈ.ஏ. என்ற குறிகாட்டி புகைபிடிப்பவர்களில் நோயின்றியே சற்று உயர்ந்திருக்கும். ஒளி ஒரு புரதத்தின் அளவைச் சொல்கிறது, அவ்வளவே. அந்தப் புரதம் ஏன் அங்கே வந்தது என்பது அதற்குத் தெரியாது.

நெடுந்தீவில் ஒரு நடமாடும் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தோம். பவளக்கல் மதில் நிழலில் வாங்கு போட்டுக் குருதி எடுத்துக்கொண்டிருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி ஒருவர் முன்னால் வந்து கையை நீட்டினார். அவருடைய சீட்டில் சீனியும் கொழுப்பும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன.

"பிள்ளை, கான்சர் இருக்கோ எண்டும் இதில ஒருக்காப் பார்த்துவிடு மோனை. யாழ்ப்பாணத்தில அதுக்கு ஒரு மிசின் வந்திருக்காம்."

"ஆச்சி, இரத்தத்தை மட்டும் பார்த்து அப்பிடிச் சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது? அவ்வளவு காசு குடுத்து வாங்கின மிசின்."

ஆச்சியின் கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு பேச்சுக்காக இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பெண்களில் நான்கு பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நம் பரிசோதனை அதில் மூவரைப் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே தவறாகப் பிடிக்கிறது. மிக நல்ல பரிசோதனைதான். ஆனால் அந்த நூற்றுக்கு ஒருவர் என்பது நூறு பெண்கள். ஆக 103 பேருக்குச் சிவப்புக் கோடு, உண்மையான நோயாளி மூவர். மீதி நூறு பேரும் நெடுந்தீவிலிருந்து ஒரு மணித்தியாலம் கடலில் வந்து, ஸ்கான் எடுத்து, சிலர் சத்திரசிகிச்சை மேசை வரைக்கும் போய், கடைசியில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்புவார்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. பிரித்தானியாவில் 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற 50 முதல் 74 வயதுப் பெண்கள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து ஒரு பேராய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ. 125 அளந்தார்கள். 2021இல் இறுதி முடிவு வந்தது. சில புற்றுநோய்கள் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டன, ஆனாலும் சூலகப் புற்றுநோயால் இறந்தவர்களின் தொகை குறையவில்லை. அறிகுறியில்லாத எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடைப்பது கடினம். ஆனால் தனியார் ஆய்வுகூடங்களின் விளம்பரப் பலகைகளில் "முழுப் புற்றுநோய்ப் பரிசோதனை" என்ற பொதியை இன்னும் காண்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் உறுதியானவருக்கு மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பின்தொடர்வதே இந்த எண்களின் பெரிய வேலை.

ஆச்சிக்கு வருவோம். பேசும்போது அவர் கொடுப்புக்குள் வெற்றிலை. மடியில் வெற்றிலைப் பை, பாக்கு, புகையிலை. முகாமுக்கு வந்திருந்த பல் வைத்தியர் அவரை வாயைக் கொப்பளிக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அது புற்றுநோயல்ல, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடியது. சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க அனுப்ப வேண்டியிருந்தது. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு மட்டுமல்ல, பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. நம் நாட்டு ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். ஆச்சி குருதியில் தேடச் சொன்னது அவர் வாய்க்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. அதைக் காண உருத்தேனியம் தேவைப்படவில்லை, டோர்ச்சுக்குள் இருந்த பற்றரி போதுமாயிருந்தது.

பெண்களுக்குரிய மற்றப் பரிசோதனைகளும் இதே மாதிரிதான். 1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, எல்லாம் இலவசம். வெட்கத்தாலும் வீட்டு வேலையாலும் போகாத உம்மாமார், சாச்சிமார், மாமிமார் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். 2017 முதல் ஆறாம் தரத்து மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படும் ஊசி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் வைரசுக்கு எதிரானது. இதை வாசிக்கும் உங்களில் பலர் அழுதுகொண்டு போட்டிருப்பீர்கள். குறிகாட்டியை அளப்பதற்கு முன்னால், குறிகாட்டியே உருவாகாமல் தடுக்கும் வேலை அது. வடக்கில் சிகிச்சை என்று வரும்போது முன்புபோல எல்லோரும் மகரகமைக்கே ஓடவேண்டியதில்லை. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு எழுந்தது.

அப்படியானால் தீவகத்துக்கு இந்த ஒளியால் பயனே இல்லையா? இருக்கிறது, இடத்தைச் சரியாகத் தெரிவு செய்தால். கிழமைக்கொரு எண் தேவைப்பட்ட அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஓமோனின் அளவு. அதற்காக அவள் கடலைக் கடந்தாள். இயந்திரம் கடலைக் கடந்தால் என்ன?

எங்கள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒளிர்வதற்கு 1.5 வோல்ற்றுக்கும் குறைவான அழுத்தமே போதுமென்பதால், இதைச் சிறிதாக்கும் முயற்சி உலகின் பல ஆய்வுகூடங்களில் நடக்கிறது. 2011இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அச்சிட்ட கடதாசித் துண்டில் இந்த ஒளியை உண்டாக்கி, சாதாரணக் கைத்தொலைபேசிக் கமெராவால் அளந்து காட்டினார்கள். அது புற்றுநோய்க் குறிகாட்டியல்ல, வேறு எளிய சேர்வைகள். 2016இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் ரஸ்லிங்கின் குழு இன்னும் ஒரு படி போனது. முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்த சிறு பெட்டி, கையால் அச்சிட்ட காபன் மின்வாய்கள். திரவங்களைத் தள்ளப் பம்பி இல்லை, புவியீர்ப்பில் தாமாகவே வழிந்து ஓடும். மின்சாரம் ஒரு மீக்கொள்ளளவியிலிருந்து வருகிறது. அதைச் சிறிய சூரியக்கலம் ஒன்று ஒவ்வொரு பரிசோதனைக்கும் இடையே மறுபடி ஏற்றிவிடுகிறது. முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயோடு தொடர்புள்ள மூன்று புரதங்களை 35 நிமிடத்தில் அளந்தது.

இதை வாசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வெயிலில் காயும் நெடுந்தீவுதான். அடுத்துக் கண்ணில் பட்டது, அந்தக் குழு சோதித்த நோயாளிகளின் மாதிரிகள் ஆறே ஆறு என்பது. ஆறு மாதிரிக்கும் ஒரு பிரதேச வைத்தியசாலையின் அன்றாட வேலைக்கும் நடுவே உள்ள தூரம், குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். பிறபொருளெதிரிகள் புரதங்கள், வெப்பத்தில் கெட்டுப்போகும். எங்கள் ஆய்வுகூடத்திலும் அவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசில்தான் வைக்கிறோம். தீவில் குளிர்ச்சாதனப் பெட்டி நின்றுபோனால் உணரி எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. அந்த வகையில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் சேர்ந்த மின் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் கைச்சாத்தானது சிறிய செய்தியல்ல. உப்புக் காற்று மின்வாயை என்ன செய்யும், தாதி ஒருவர் அரை நாள் பயிற்சியுடன் இதை இயக்க முடியுமா, தீவில் வரும் எண்ணும் யாழ்ப்பாணத்து இயந்திரம் தரும் எண்ணும் ஒத்துப்போகுமா என்பவையெல்லாம் இனிப் பார்க்க வேண்டியவை. கிழமைக்குக் கிழமை ஒப்பிடும் எண்கள் ஒரே அளவுகோலில் வராவிட்டால், வெற்றிடத்தை விட அது ஆபத்து.

இந்தக் கல்லூரியிலிருந்து யாராவது இரசாயனவியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்து இந்தத் துறைக்கு வந்தால், எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பி.எஸ்.ஏ.யையும் சி.ஏ. 125ஐயும் பிறகு பார்க்கலாம். தீவகத்துக்கு முதலில் எச்.சி.ஜி. உணரி வரட்டும். அதை நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வைத்தே சோதித்துப் பாருங்கள், அதுவும் சோளகம் அடித்து வள்ளம் ஓடாத கிழமையில்.